‘நீ சும்மா வாயசை!’ என்றேன்…

கும்மிடிப்பூண்டிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் என்னைப் பயமுறுத்தியது மாமியார் இல்லை, சத்தம்! சிப்காட் பக்கம் ராத்திரி பகல் என்று பார்க்காமல் இரும்பு அடிபடும் சத்தம். நெடுஞ்சாலையில் ஆந்திரா போகும் லாரிகளின் சத்தம். சென்ட்ரலிலிருந்து வரும் மின்சார ரயிலின் சத்தம். ‘இந்த ஊரில் மனுஷர்கள் எப்படித்தான் பேசிக்கொள்கிறார்களோ’ என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே எங்கள் தெருப் பெண்களுக்கென்று ஒரு பாட்டுக் குழு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் மகளிர் குழுக் கணக்கை முடித்துவிட்டு எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பாடுவோம். பொங்கலுக்கு மைதானத்தில் விழா நடக்கும். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் கும்மி. நான் பிளஸ் டூ வரைக்கும் படித்தவள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சரிடம் கொஞ்சம் ஸ்வரம் கற்றுக்கொண்டவள். அந்த ஒரு தகுதியை வைத்து என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். தலைவி என்றதும் தலைக்கனமும் கூடவே வந்துவிட்டது. அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், எதிர் வீட்டுப் பெண் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். அந்தக் குழந்தைக்குப் பதின்மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது. சென்னையில் விடுதியோடு கூடிய பள்ளியில் படிக்கிறாள். லீவுக்கு மட்டும்தான் வீட்டுக்கு வருவாள். “இவளும் உங்களோட நிக்கணும்னு ஆசைப்படறாக்கா” என்றாள் தாய்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ‘ஐயோ பாவம்’ என்று மனசு இளகியது உண்மை. ஆனால் பாட்டு கெட்டுவிடுமே என்ற கவலையும் இருந்தது. கடைசி வரிசையில் ஓரமாக நிற்க வைத்தேன். என் உதட்டைத் தொட்டுக் காட்டி, “நீ சும்மா வாயசை, போதும்” என்றேன். குழந்தை என் முகத்தையே பார்த்தாள். தலையை ஆட்டினாள். அன்றைக்கு முழுக்க வாயை அசைத்தாள். மறுவாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ரொம்ப நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அவள் அம்மா மெதுவாகச் சொன்னாள். “தப்பா நினைக்காதீங்கக்கா. அவ ஸ்கூல்ல பாடுவா. கையாலே பாடுவா. உங்ககிட்டே வந்தப்போ கையைக் கட்டி நிக்க வச்சுட்டீங்கன்னு அழுதா.”

அன்று அரிசி வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் கோடியில் ஒரு திருநங்கை குடியிருக்கிறாள். தையல்காரி. தெருவில் யாருக்கு ரவிக்கை வேண்டுமென்றாலும் அவளிடம்தான் போவோம். அளவு பிசகாது, சொன்ன நாளில் கைக்கு வந்துவிடும். வருஷா வருஷம் பொங்கலுக்கு எங்கள் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ரவிக்கை தைத்துத் தருவது அவள்தான். ஒரு தடவை ரவிக்கையைக் கொடுக்கும்போது, “நானும் நல்லா பாடுவேன்க்கா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். அவள் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டுதான் மேடை ஏறினோம். அவளை ஏற்றவில்லை!

இப்படியே இருந்திருப்பேன். என் கண்ணைத் திறந்தது என் வீட்டுக்குள்ளேயே நடந்த ஒரு விஷயம்.

என் கணவர் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாக டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ‘வேண்டுமென்றே செய்கிறார்’ என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா? கடைசியில் காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டி விளக்கினார். நம் உள்காதில் மெல்லிய மயிர்போன்ற செல்கள் இருக்கின்றன. ஓயாத சத்தத்தில் அவை செத்துப் போகும். போனால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது மேல் ஸ்தாயிச் சத்தங்கள். அதனால்தான் பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் தெளிவில்லாமல் போகின்றன. ‘ச’, ‘த’ போன்ற எழுத்துக்கள் விழுங்கப்படுகின்றன. முரசு மாதிரி கனத்த சத்தம் கடைசி வரைக்கும் ஓரளவு கேட்கும்.

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக்கூடாது என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றனவாம். சத்தத்தால் காது போவது, சட்டத்தில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலிலேயே இருக்கிறதாம். இதெல்லாம் எனக்கு அதுவரை தெரியாது. சகோதரிகளே, உங்கள் வீட்டுக்காரரோ பிள்ளையோ சத்தமான இடத்தில் வேலை செய்தால் பஞ்சை அடைத்துக்கொண்டு போனால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அதற்கென்று உள்ள காதுக் கவசத்தைப் போடச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை காதைச் சோதித்துப் பாருங்கள். நான் சண்டை போட்ட நேரத்தில் அதைச் செய்திருக்கலாம்.

அன்றிரவு அவர் சொன்ன வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. “நீங்க மாடியில பாடறது எனக்குக் கேக்கறதே இல்லடி. சும்மா வாயசைக்கிற மாதிரிதான் இருக்கு.”

நான் ஒரு குழந்தையிடம் சொன்ன அதே வார்த்தை, திரும்பி என் வீட்டுக்கே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் கல்லூரியில் படிக்கும் என் தம்பியின் பிள்ளை லீவுக்கு வந்தது. சின்ன வயசில் என் மடியில் வளர்ந்த பிள்ளை. வந்த இரண்டாம் நாள் என்னிடம் தனியாக ஒரு விஷயம் சொன்னது. “அத்தை, என்னைப் பொண்ணுன்னும் சொல்ல வேண்டாம், பையன்னும் சொல்ல வேண்டாம். ரெண்டுலயும் நான் இல்லை.” எனக்குப் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ‘இது என்ன புதுசா?’ என்றுதான் முதலில் நினைத்தேன். “அப்போ உன்னை எப்படித்தான் கூப்பிடறது?” என்று கேட்டேன். “எப்பவும் கூப்பிடற மாதிரி ‘கண்ணு’ன்னு கூப்பிடுங்க. அதுல ஆணும் இல்லை, பெண்ணும் இல்லையே” என்றது.

யோசித்துப் பார்த்தால் நம் தமிழில் இதற்கு எவ்வளவு வசதி! பிள்ளை, கண்ணு, செல்லம், தங்கம், அவங்க, அவர்... ஒன்றிலும் ஆண், பெண் இல்லை. மரியாதை மட்டும்தான் இருக்கிறது.

கண்ணு எங்கள் பயிற்சியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டது. பொங்கல் விழாவில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவது வழக்கம். “என்னை எந்தப் பக்கம் நிறுத்துவீங்க அத்தை?” எனக்குப் பதில் வரவில்லை.

பதில் எனக்கு வந்தது மின்சார ரயிலில். பொன்னேரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு திருநங்கைகள் கையைத் தட்டிக்கொண்டு பெட்டியில் ஏறினார்கள். அந்தக் கைத்தட்டலைக் கேட்டதும் எல்லோரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும்தான். ஆனால் காது மட்டும் அந்தத் தாளத்தில் நின்றுவிட்டது. உள்ளங்கை விரித்து, அழுத்தமாக, துல்லியமாக... அடடா, இது கும்மிக் கைதானே!

இறங்கியதும் நேரே தையல்காரி வீட்டுக்குப் போனேன். “உனக்குக் கும்மி அடிக்கத் தெரியுமா?” என்று கேட்டேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? கூவாகத்துல கற்பூரத்தைக் கொளுத்தி வச்சு அதைச் சுத்தி நாங்க அடிக்கிற கும்மியை நீங்க பார்த்ததில்லையா?” என்றாள். சித்திரை மாதம் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ திருநங்கைகள் கூடுகிறார்கள் என்பது பேப்பரில் படித்ததுதான். அவர்கள் அங்கே கும்மி அடித்துப் பாடுவார்கள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. எங்களுக்குத் தெரிந்தது மூன்று கும்மிப் பாட்டு. அவளுக்குத் தெரிந்ததை எண்ணி முடியவில்லை!

“பாட வா” என்றேன். உடனே அவள் முகம் வாடியது. “என் குரல் கட்டைக் குரல்க்கா. பொம்பளைங்க நடுவுல தனியாத் தெரியும். சிரிப்பாங்க.”

இதைப் பற்றிக் காது டாக்டரிடமே ஒரு நாள் கேட்டேன். வாலிப வயதில் குரல்வளை பெரிதாகிக் குரல் நாண்கள் தடித்துவிட்டால், பிற்பாடு பெண்மைக்கான ஹார்மோன் எடுத்துக்கொண்டாலும் அவை மெலியாதாம். திருநம்பிகளுக்கு, அதாவது பெண்ணாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்டு ஆணாக வாழ்கிறவர்களுக்கு, ஹார்மோன் எடுத்தால் குரல் உடைந்து கனத்துவிடும். ஆகவே திருநங்கையைப் பார்த்து, ‘பெண் மாதிரி மேலே பாடு’ என்று நெருக்கினால் தொண்டைதான் புண்ணாகும். பயிற்சியால் குரலை ஓரளவு பழக்கலாம். ஆனால் அவரவருக்கு இதமான சுருதியில் பாடுவதே நல்லது என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். டி.கே. பட்டம்மாளின் குரல் எவ்வளவு கனமானது! அவர் பெண்தானே? நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த எஸ்.ஜி. கிட்டப்பா எந்த உச்சத்தில் பாடினார்! அவர் ஆண்தானே? சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பையன்கள் ஸ்திரீபார்ட் வேஷம் கட்டிப் பெண் பாத்திரமாகவே பாடினார்கள். ஊரே கைதட்டியது. ஆக, பாட்டில் ஆண் பக்கம், பெண் பக்கம் என்று கோடு கிழித்தது யார்? மேல்கட்டை, கீழ்க்கட்டை என்று இரண்டு இருக்கின்றன. அவ்வளவுதான்!

அடுத்த சனிக்கிழமை வரிசையைக் கலைத்தேன். ஒவ்வொருவரையும் தனித்தனியே ‘ஸ ப ஸ’ பாடச் சொல்லி, எந்தச் சுருதியில் தொண்டை நெருக்கப்படாமல் வருகிறது என்று பார்த்தேன். வேடிக்கையைக் கேளுங்கள். பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்கு இயல்பான குரல் கீழ்க்கட்டை! இத்தனை வருஷம் என் சுருதிக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள். “இப்பத்தான் தலைவி, மூச்சே விடறேன்” என்றாள் ஒருத்தி. தையல்காரி அந்த நாலு பேரோடு நின்றாள். கண்ணு மேல்கட்டையில் நின்றது. எந்தப் பக்கம் என்ற கேள்வியே இல்லாமல் போயிற்று.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது கதை. ஒரு பெரியம்மா எழுந்து, “அதுங்க கூட நின்னா ஊர் என்ன பேசும்?” என்று சத்தம் போட்டார். “பெரியம்மா, நீங்க போட்டிருக்கிற ரவிக்கையைத் தைச்சது யாரு?” என்று கேட்டேன். அவர் பதில் பேசாமல் இறங்கிப் போய்விட்டார். கூடவே இரண்டு பேர் போனார்கள். அந்த இருவரும் பிறகு வந்தார்கள். பெரியம்மா இன்றுவரை வரவில்லை. வருத்தம்தான். ஆனால் ஒருவரைச் சேர்த்ததால் ஒருவர் போனதற்கு, சேர்ந்தவரா பொறுப்பு? சட்டம் எப்போதோ முன்னால் போய்விட்டது. தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கையர் நல வாரியம் வந்துவிட்டது. அவரவர் பாலினத்தைச் சொல்லும் உரிமை அவரவருக்கே என்று சுப்ரீம் கோர்ட் 2014-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பரத நாட்டியத்துக்காக நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். டில்லியில் கிடைத்த இடம் நம் தெருவில் கிடைக்க வேண்டாமா?

இனி அந்தக் குழந்தை. லீவுக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போய், நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தேன். மன்னிப்புக்கு எனக்குத் தெரிந்த சைகை அது ஒன்றுதான். அவள் கலகலவென்று சிரித்துவிட்டு, சரியான சைகையைச் சொல்லிக் கொடுத்தாள்.

அவளுக்கு எப்படித் தாளம் தெரிய வைப்பது? வழி சொன்னவர் என் கணவர்தான். “எனக்குப் பாட்டுக் கேக்கல. ஆனா மெஷின் ஓடறது கால்ல தெரியும். நாங்க காலாலதான் கேக்கறோம்.” சிப்காட்டில் சாமான் வந்து இறங்கும் மரச்சட்டங்கள் பழசாகிவிட்டால் மலிவாக விற்பார்கள். அவற்றை வாங்கி, உள்ளே கூடாக இருக்கும்படி ஒரு தாழ்ந்த மேடை அடித்தார். அதன்மேல் வெறுங்காலோடு நின்றால், பக்கத்தில் பறை அடிக்கும் ஒவ்வொரு அடியும் உள்ளங்காலில் ஏறுகிறது. காலிப் பிளாஸ்டிக் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டால் அதுவும் அதிர்கிறது. ஸ்காட்லாந்தில் ஈவ்லின் கிளென்னி என்று ஓர் அம்மாள். பன்னிரண்டு வயதுக்குள் காது கேளாமல் போனவர். உலகம் போற்றும் தாளக் கலைஞர். அவரும் வெறுங்காலோடுதான் வாசிப்பாராம்! கண்ணு செல்போனில் காட்டியபோது என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கும்மியில் அந்தக் குழந்தைக்கு எந்தச் சிரமமும் இல்லை. வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரியும். வட்டத்தில் எல்லோர் முகமும் எல்லோர் கையும் தெரியும். குனிவது, நிமிர்வது, தட்டுவது எல்லாமே கண்ணுக்குத் தெரியும் தாளம். நம் பாட்டிகள் யாரை மனசில் வைத்து இதை வட்டமாக வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. ஆனால் இதில் ஓரம் என்பதே கிடையாது!

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு அவள்தான் எங்களுக்கு டீச்சர். தேசிய கீதத்தைச் சைகை மொழியில் செய்து, அமிதாப் பச்சனும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் நடித்த படம் ஒன்று 2017 ஆகஸ்டில் வெளியாயிற்று. அதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்கிறாள். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக 2021 டிசம்பர் 17-ல் அரசு அறிவித்தது நினைவிருக்கும். முல்லைப்பாணி என்னும் மோகன ராகத்தில், 55 வினாடியில் பாட வேண்டும். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு என்றும் சொன்னார்கள். எழுந்து நிற்பதில் விலக்கு கொடுத்தது அரசு. பாடுவதிலிருந்தே விலக்கி வைத்தது நான்தான்!

வார்த்தைக்கு வார்த்தை கையை ஆட்டுவது சைகை மொழி இல்லை என்பதை அவளிடம்தான் கற்றேன். அதற்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. டில்லியில் இதற்காகவே 2015-ல் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கி, 2021-க்குள் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதி போட்டுவிட்டார்கள். பாட்டின் கருத்தை எடுத்து, கடலுக்கு ஒரு கை, நெற்றிக்கு ஒரு கை, மணத்துக்கு ஒரு கை என்று தன் பள்ளி ஆசிரியையின் உதவியோடு அமைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வருஷமாகப் பாடும் பாட்டின் அர்த்தம், அவள் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. வெனிசுவேலா நாட்டில் காது கேளாத பிள்ளைகள் வெள்ளைக் கையுறை அணிந்து, பாடுகிறவர்களோடு சேர்ந்து கையாலேயே பாடும் குழு ஒன்றை முன்பே ஆரம்பித்தார்களாம். நாங்கள் கையுறைக்குப் பதில் மருதாணி இட்டுக்கொண்டோம்.

போன பொங்கல் விழாவில் எனக்கு நல்ல ஜலதோஷம். தொண்டை அடியோடு கட்டிவிட்டது. தலைவி வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அந்தக் குழந்தை என்னைப் பார்த்தாள். தன் உதட்டைத் தொட்டு ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டினாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து உயர்த்தி விட்டாள். ‘வாயசைக்க வேண்டாம், கையால் பாடு’ என்று அர்த்தம். நான் கையாலேயே பாடினேன். கண்ணில் நீர் வந்ததால் சில சைகைகள் தப்பாகப் போயின. அவள் மன்னித்திருப்பாள்.

விழா அறிவிப்பாளரிடம் ‘சகோதரர்களே, சகோதரிகளே’ வேண்டாம், ‘அனைவருக்கும் வணக்கம்’ போதும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம். கண்ணு என்னைப் பார்த்துச் சிரித்தது. கும்மிக்குத் தையல்காரி முதலடி எடுத்துக் கொடுத்தாள். வேடிக்கை பார்த்த இளவட்டங்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்தான். ஆனால் மூன்றாவது அடியில் கூட்டமே சேர்ந்து தட்ட ஆரம்பித்துவிட்டது. ரயிலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதே கைத்தட்டல்!

மேடை ஓரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்த என் கணவர் அன்றிரவு சொன்னார்: “இன்னிக்கு உங்க பாட்டு எனக்குக் கேட்டுது. அந்தத் தையல்கார அம்மா பாடறது நல்லாவே கேட்டுது.” கட்டைக் குரல் என்று அவள் வெட்கப்பட்டாளே, அந்தக் குரல்தான் அவர் காதுக்கு எட்டியது.

வாசக சகோதரிகளே, உங்கள் தெருவிலும் நவராத்திரியோ, பொங்கலோ, குடியரசு தினமோ வரும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆண், பெண் என்று பிரிக்காமல் குரலைப் பார்த்துப் பிரியுங்கள். வரிசையை வட்டமாக்குங்கள். பாட்டைப் பெரிய எழுத்தில் எழுதி எல்லோர் கையிலும் கொடுங்கள். முகத்தில் வெளிச்சம் விழும்படி நில்லுங்கள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவரவரையே கேளுங்கள். புடவை மாற்ற, முகம் கழுவ எல்லோருக்கும் பொதுவாக ஓர் இடம் காட்டுங்கள். எங்களுக்கு என் வீட்டுப் படுக்கையறைதான் அந்த இடம். முக்கியமாக, ‘இவர்களால் எப்படி முடியும்?’ என்று நாமாக முடிவு கட்டாமல், ‘நீங்கள் எப்படிப் பாடுவீர்கள்?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

இந்த வருஷப் பொங்கலுக்குப் பெரியம்மாவுக்கும் சேர்த்துப் பதினைந்து ரவிக்கைக்குத் துணி எடுத்திருக்கிறோம். அவர் அளவு தையல்காரிக்கு மனப்பாடம்.